அறியா வினா

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் கேட்டபொழுது, சீறாப்புராணத்தைப் பற்றியோ குணங்குடியார் பாடல்களைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். முப்பத்தோராண்டுகள் இத்துறையில் தமிழ் கற்பித்து 2019ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் வேறு எதைப் பற்றி எழுதப் போகிறான்? ஆயினும், ஒரு கணிப்பொறி என்னை உள்ளே விட மறுத்த ஓர் இரவைப் பற்றி எழுதத் துணிந்துள்ளேன். பெரியோர் பொறுத்தருள்க. மாணவர்க்கு இப்பொருள் புதிதன்று.

என்னிடம் ஒரு சொற்கோவை உண்டு. அரபி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்து, வந்தவை என்றே தோன்றாதபடி கலந்துவிட்ட சொற்களின் தொகுப்பு அது. வக்கீல், வசூல், வாரிசு, ஜாமீன், மகசூல், ரத்து, தகராறு என நீளும் அச்சொற்கள் பழைய பத்திரங்களில் எப்பொருளில் வந்துள்ளன, கடைத்தெருவில் எப்பொருளில் வழங்குகின்றன என்பவற்றை 1990 முதல் அட்டைகளில் எழுதி வந்தேன். தம் வீட்டுப் பெட்டகங்களைத் திறந்து கிரயப் பத்திரங்களைக் காட்டிய பெரியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அட்டைகளில் பாதியைக் கறையான் கொண்டுபோயிற்று. அதற்கு முன்பே அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றியிருந்தேன் என்பது ஒன்றே ஆறுதல். ஆகவே, 2019 சனவரியில் அச்சொற்கோவை முழுமையாக இருந்த இடம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அது என் மடிக்கணினி.

'நகல்' என்னும் சொல் அரபியின் 'நக்ல்' என்பதிலிருந்து வந்தது என்று அட்டை எழுதி வைத்தவன், அக்கோவைக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. இதை எழுதும்போதும் நாணமாகத்தான் இருக்கிறது.

அம்மடிக்கணினியில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். இக்கல்லூரியில் இளங்கலைத் தமிழ் படித்து, பின்னர்க் கணிப்பொறிப் பயன்பாட்டில் முதுகலைப் பட்டம் பெற்று, சார்ஜாவில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் 2018இல் விடுமுறைக்கு வந்தபோது அதை நிறுவிக் கொடுத்தார். விலை இல்லை என்பதற்காக நான் இசைந்தேன். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்பதற்காக அவர் அதை விரும்பினார். இரண்டும் வேறு வேறு காரணங்கள் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இவ்வகை மென்பொருளின் வரலாறே ஒரு பழுதில் தொடங்குகிறது எனலாம். 1980ஐ ஒட்டிய காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகம் ஒன்றிற்குப் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் அது ஓசையின்றி நின்றுவிடும். அச்சிடக் கொடுத்தவர் வேறு தளத்தில் காத்திருப்பார். முந்தைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் உரியவர்க்குச் செய்தி போகும்படி செய்திருந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், இதற்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் சென்று கேட்டும், வெளியிடுவதில்லை என வாக்களித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட கருநிரல் அதனுடன் சேர்ந்தது. தாள் சிக்கியதை உரியவர்க்குச் சொல்ல வேண்டும் என்ற சிறிய கவலை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது பாருங்கள்.

இனி அவ்விரவுக்கு வருகிறேன். கடவுச்சொல்லைத் தட்டினேன். பொறி அதை ஏற்றுக்கொண்டது. திரை ஒரு கணம் கருத்தது. பின்னர், ஒன்றுமே நிகழாதது போல மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி கேட்டது. தவறான சொல் என்று கூறினாலாவது மனம் ஆறியிருக்கும். சரி என்று கதவைத் திறந்து, உடனே என்னை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் பார்த்தார். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், உள்ளே இருப்பதற்கு உறுதி சொல்ல முடியாது" என்றார். அவரைக் குறை கூறேன். நாளொன்றுக்கு இருபது பொறிகள் வரும் கடையில், ஒவ்வொன்றின் நோயையும் ஆராய அவர்க்கு நேரம் ஏது? மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இரவு பத்து மணிக்குச் சார்ஜாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே எட்டரை. என்னிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. திரையைப் படமெடுத்து அனுப்ப வழியில்லை. அவர் அறியக்கூடியதெல்லாம் நான் வாயால் சொல்வது மட்டுமே.

"என்ன ஆயிற்று, ஐயா?"

"ஒன்றும் வேலை செய்யவில்லை, தம்பி."

"பொறி உயிர் பெறுகிறதா?"

"பெறுகிறது."

"கடவுச்சொல்லைக் கேட்கிறதா?"

"கேட்கிறது."

"அப்படியானால் பலவும் வேலை செய்கின்றன, ஐயா. கடவுச்சொல்லைத் தட்டிய பின் என்ன காண்கிறீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்."

சொன்னேன். கடைசியாக என்ன மாற்றம் செய்தீர்கள் என்றார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். முந்தைய நாள் திரையில் ஏதேனும் தோன்றியதா என்றார். அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது: ஏதோ ஓர் எச்சரிக்கைப் பெட்டி இரண்டு மூன்று முறை தோன்றிற்று; தோன்றிய ஒவ்வொரு முறையும் அதைப் படியாமலே மூடியிருந்தேன். ஒரு சொல்லின் பாடவேறுபாட்டுக்காக ஏட்டுக்கு ஏடு தேடச் சொல்லி மாணவரைக் கடிந்தவன் நான். அதை அவரிடம் சொல்ல நாவெழவில்லை. ஆயினும் சொன்னேன். மறுமுனையில் சிறிது அமைதி. பின்பு, "நல்லது ஐயா, இது உதவும்" என்றார்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். படங்களெல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் தோன்றின. பெயரைத் தட்டினேன், வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன், ஓர் எழுத்தும், ஒரு புள்ளியும் வரவில்லை. விசைப்பலகையும் போயிற்றே என்றேன். "இல்லை ஐயா, அங்கே கடவுச்சொல் எவ்வகையிலும் தோன்றாது. நம்பித் தட்டுங்கள்" என்றார். நம்பித் தட்டினேன். உள்ளே விட்டது.

முதலில் சொற்கோவை இருக்கிறதா என்று பார்ப்போம் என்று, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பட்டியல் வந்தது. தமிழில் பெயரிட்டிருந்த கோப்புகளின் இடத்திலெல்லாம் சின்னஞ்சிறு கட்டங்கள் வரிசையாக நின்றன. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. 29 ஆண்டு உழைப்பு கட்டங்களாகிவிட்டது என்றே கருதினேன். என் குரலில் ஏற்பட்ட மாற்றத்தை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

"ஐயா, எழுத்துகள் அழியவில்லை. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். அதிகமாகப் போனால் 512 வடிவங்களுக்குத்தான் அதில் இடம் உண்டு. உயிர்மெய்யைச் சேர்த்தெழுதவும் அது அறியாது. கட்டங்களுக்கு இடப்பக்கத்தில் ஓர் எண் இருக்குமே, அதைப் படியுங்கள்."

மூன்று எம்.பி.க்குச் சற்று மேல் என்றிருந்தது. "அதுதான் உங்கள் கோவை. உள்ளே அப்படியே இருக்கிறது" என்றார். மொழி தெரியாதவன் முன் வைத்த நூல் நூலாகாமல் போய்விடுமா என்ன! எனினும், அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து வன்தட்டின் நிலையைக் காட்டும் கட்டளை: டி, எஃப், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, எச். முதற்பகுதி நூறு விழுக்காடும் நிரம்பியிருப்பதாக வந்தது. 50 ஜி.பி. கொண்ட பகுதியில் ஒரு துளி இடமில்லை. உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் பொறி சில சிறு குறிப்புகளை எழுதிக்கொள்ள வேண்டுமாம். எழுத இடமில்லாமையால் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. கடவுச்சொல்லில் குற்றமில்லை, கோப்புகளிலும் குற்றமில்லை. கடைக்காரர் சொன்னபடி செய்திருந்தால், நிரம்பிய வீட்டைக் காலி செய்வதற்காக வீட்டையே இடித்தவன் ஆகியிருப்பேன்.

மூன்று எம்.பி. கோவையை வைத்திருப்பவனுடைய வன்தட்டை நிரப்பியது யார்? பொறியின் நாட்குறிப்பு. லினக்ஸில், நிகழ்வன அனைத்தையும் பொறி தானே எழுதி வைக்கும் ஓர் அறை உண்டு. அவ்வறை மட்டும் 31 ஜி.பி. ஆகப் பெருத்திருந்தது. கடைசிப் பத்து வரிகளைக் காட்டும் கட்டளையைத் தந்து, வந்ததை வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்தது. பத்து வரிகளும் ஏறக்குறைய ஒன்றையே கூறின. பத்திலும் ஒரே நொடி குறிக்கப்பட்டிருந்தது. 'பி.சி.ஐ.இ. பஸ் எரர்' என்று தொடங்கி, 'கரெக்டட்' என்றொரு சொல் இடையில் வந்தது.

"திருத்தப்பட்டது என்றல்லவா சொல்கிறது, தம்பி?"

"ஆம் ஐயா. கம்பியில்லா இணைப்புக்கான அட்டை உள்ளே செய்தி அனுப்பும்போது சிறு பிழை நேர்கிறது. வன்பொருள் அதை உடனே திருத்திவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும், பிழை நேர்ந்தது, திருத்தினேன் என்று கருநிரல் எழுதி வைக்கிறது."

திருத்திய பிழையை ஓயாமல் அறிவித்து அறிவித்தே ஒரு பொறி தன்னை முடக்கிக்கொண்டது. என் கோவையில் 'தகராறு' என்றொரு சொல் இருக்கிறது. அதன் அரபி மூலமான 'தக்ரார்' என்பதற்குத் திரும்பத் திரும்பக் கூறுதல் என்றே பொருள். பூசல் என்னும் பொருள் வழியில் வந்து சேர்ந்தது. எவ்வாறு சேர்ந்திருக்கும் என்பதை அன்றுதான் கண்ணாரக் கண்டேன்.

அக்கோப்பை அழித்துவிடட்டுமா என்றேன். "அழிக்காதீர்கள், ஐயா. எழுதும் நிரல் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மறையும்; இடம் திரும்பாது. உள்ளிருப்பதை மட்டும் காலி செய்வோம்" என்றார். பத்து வரிகளில் இரண்டைத் தாளில் எழுதிக்கொள்ளச் செய்தபின், அதற்குரிய கட்டளையைச் சொன்னார். நோய் தீர்ந்ததும் மருத்துவச் சீட்டைக் கிழித்தெறியும் பழக்கம் அவரிடம் இல்லை. பொறியை மீண்டும் தொடங்கினேன். கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டினேன். உள்ளே சென்றேன். சொற்கோவையைத் திறந்தேன். 'அமுல்' என்ற சொல் முதற்பக்கத்தில் தமிழ் எழுத்தில் நின்றது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மறுமுனையில் அவர் இன்னும் இரவுணவு உண்ணவில்லை என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

மறுநாள், தொடக்க அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அவ்வறிவிப்புகளை நிறுத்தினோம். பிழை இன்னும் நேர்கிறது, அறிவிப்பு மட்டுமே நின்றது என்று அவர் ஒளிக்காமல் கூறினார். அதில் எனக்கு இன்றளவும் முழு மனநிறைவு இல்லை. வாயைக் கட்டுவதும் மருத்துவமா? ஆனால் ஏழை ஆசிரியனின் மடிக்கணினிக்குப் புதிய அட்டை வாங்குவதைவிட அது எளிது.

நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. மாணவர் அறிவாரா என அறியத் தான் அறிந்ததையே ஆசிரியர் வினவுவது அறிவினா. அறியாததை அறிய வினவுவது அறியா வினா. முப்பத்தோராண்டுகள் வகுப்பறையில் நான் வினவியவை அனைத்தும் முதல் வகை. இரண்டாம் வகையை வினவ எனக்குப் பழக்கமே இல்லாமற் போயிருந்தது. 'ஒன்றும் வேலை செய்யவில்லை' என்பது வினாவன்று, புலம்பல். கேட்கும் முறை பற்றியே எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001இல் நீண்டதொரு வழிகாட்டி எழுதியிருப்பதாக என் மாணவர் கூற, தேடிப் படித்தேன். பயனுள்ளது, ஆனால் கேட்பவன்பால் சற்றுக் கடுமையானது. என் மாணவர் என்னிடம் காட்டிய பொறுமை அதில் குறைவு.

பிறகு, இத்துறையில் லினக்ஸ் வைத்திருந்த மாணவர்கள் என்னிடமும் வரத் தொடங்கினர். அச்சுப்பொறி தெரியவில்லை, ஒலி வரவில்லை, தமிழ்99 விசைப்பலகையை எங்கே தேர்வது என்பன போன்ற வினாக்கள். பலவற்றிற்கு எனக்கு விடை தெரியாது. எதிர்வினா கேட்க மட்டும் கற்றிருந்தேன். விண்டோஸும் லினக்ஸும் ஒரே பொறியில் வைத்திருந்த மாணவி ஒருவர், "கடிகாரம் தவறாக ஓடுகிறது, ஐயா" என்றார். எவ்வளவு தவறு என்றேன். பார்க்கவில்லை என்றார். பார்த்து வரச் சொன்னேன். மறுநாள், "இணைப்பு இல்லாமல் விண்டோஸைத் திறந்தால் சரியாக ஐந்தரை மணி பின்தங்குகிறது" என்றார். சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் மலர்ந்தது. ஐந்தரை மணி என்பது கிரீன்விச் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு. பொறியின் உட்கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸோ அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். ஒரே கட்டளையில் இரண்டையும் இணங்கச் செய்தோம். அம்மாணவி பின்னர் என்னைவிட நன்றாகப் பழுது பார்த்தார்.

சொற்கோவைக்கு இன்று மூன்று நகல்கள் உள்ளன. ஒன்று என் வீட்டில், ஒன்று துறை அலமாரியின் மேல்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால், ஒன்று சார்ஜாவில். அலமாரியில் இருப்பதை ஆண்டுக்கொரு முறை எடுத்து, திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைக்குமாறு துறையினரை இதன்வழிக் கேட்டுக்கொள்கிறேன். சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது.