“நல்ல சேலை கட்டிட்டு வந்து நின்னிருப்பேன்ல?”

பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு வன்கொடுமை வழக்குக்காக உண்மை அறியும் குழுவோடு ஒரு காலனிக்குப் போனேன். கையில் இரவல் கேமரா. எரிந்த கூரை, நசுங்கிய பாத்திரங்கள், அவற்றின் நடுவே தலைவிரிகோலமாய் அழுதுகொண்டிருந்த ஓர் அக்கா. எடுத்தேன். அறிக்கையின் அட்டைக்கு அந்தப் படம்தான் போனது. பிறகு சுவரொட்டி, துண்டறிக்கை, முகநூல் என்று எங்கும் அந்த அழுகைதான்.

இரண்டு வருடம் கழித்துச் சாட்சி சொல்ல நீதிமன்றம் வந்தபோது அந்த அக்கா கேட்டார்: “ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேலை கட்டிட்டு வந்து நின்னிருப்பேன்ல? எம் புள்ளைய பள்ளிக்கூடத்துல அந்தப் படத்தச் சொல்லித்தான் கேலி பண்றானுங்க.”

நான் பதில் பேசவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில்தான் தென்னாப்பிரிக்காவின் ஸானேலே முஹோலி எடுத்த படங்களைப் பார்த்தேன். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1972இல், டர்பன் அருகே கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த உம்லாசியில் பிறந்தவர். தன்னைக் கலைஞர் என்பதைவிடக் காட்சிவழிச் செயல்பாட்டாளர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

1996இன் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம் பாலியல் விருப்பத்தின் பேரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனாலும் ‘திருத்துகிறோம்’ என்று சொல்லித் தன்பாலீர்ப்புப் பெண்களை வல்லுறவு செய்வதும் கொல்வதும் நிற்கவில்லை. சட்டம் ஒருபுறம், தெரு ஒருபுறம். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு போராடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முஹோலி 2006 முதல் ‘ஃபேசஸ் அண்ட் ஃபேசஸ்’ என்ற வரிசையில் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் திருநம்பிகளையும் படமெடுத்து வருகிறார். நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளை முகங்கள். காயத்தைக் காட்டி நிற்பவர்கள் இல்லை. தமக்குப் பிடித்த உடையில் நின்று நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அவர்களை முஹோலி ‘பங்கேற்பாளர்கள்’ என்றுதான் அழைக்கிறார். கண்காட்சியில் படங்களுக்கு நடுவே வெற்றிடங்களும் இருக்கும். இப்போது இல்லாதவர்களுக்கும் இனி எடுக்கப்படப் போகிறவர்களுக்கும் உரிய இடங்கள் அவை.

இன்னொரு வரிசையில் தன்னையே எடுத்திருக்கிறார். வெள்ளையர் வீட்டில் பல பத்தாண்டுகள் வேலை செய்த தன் அம்மா பெஸ்டரின் பெயரில் 2015இல் எடுத்த படத்தில், துணி மாட்டும் கிளிப்புகள் தலையிலும் காதிலும் நகைபோல இருக்கின்றன. தோலை இன்னும் கறுப்பாக்கிக் காட்டுகிறார். கறுப்பைச் சிவப்பாக்கும் க்ரீம் விற்கும் ஊரில் வளர்ந்த நான் அந்தப் படத்தை விட்டு நகர நெடுநேரம் ஆனது.

நம்மிடமும் இந்த வழி உண்டு. மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து படமெடுத்துவரும் மதுரையின் பழனிக்குமார், மீன் விற்கும் தன் அம்மாவின் உழைப்பையும் அதே கேமராவில் பதிவு செய்தவர்.

தோழர்களே, எரிந்த குடிசையை எடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது சாட்சியம். வழக்குக் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கோப்பில் இருக்க வேண்டியதைச் சுவரில் ஒட்டும்போது, ஒரு மனுஷியின் மிக மோசமான நாளை அவளுடைய நிரந்தர முகமாக்கிவிடுகிறோம். அடித்தவனுக்கு அப்படி ஒரு சுவரொட்டி நாம் போட்டதில்லை.

போன மாதம் அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். பச்சைப் பட்டுச் சேலை கட்டி வந்தார். நாற்காலியை எங்கே போடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். “சிரிக்கவா தம்பி?” என்றார். “உங்க இஷ்டம்க்கா” என்றேன். சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தார்.

அந்தப் படம் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வேறெங்கும் போட அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதனால் இங்கேயும் இல்லை.