ஈரம் பட்டால் கெட்டுப்போகும் ஒரு கல்

போன டிசம்பர்ல ஜெமினிட் விண்கல் பொழிவு பார்க்கலாம்னு நாங்க ஆறு பேர் தோட்டத்து கிரவுண்ட்ல போய் உட்கார்ந்தோம். சால்வை, பிளாஸ்க்ல தேத்தண்ணி எல்லாம் தயார். பதினொரு மணிக்கு மூடுபனி இறங்கிச்சு. அதுக்குப் பிறகு வானம் இல்ல, பக்கத்துல இருக்கிறவன் முகமே தெரியல. கொட்டகலையில நட்சத்திரம் பார்க்கப் போனா இப்படித்தான்.

அந்தக் கடுப்புல வீட்டுக்கு வந்து போன்ல விண்கற்களைப் பத்தி வாசிக்க ஆரம்பிச்சோம். அப்பதான் ஓல்டமைட் எங்க கையில மாட்டிச்சு.

1852 டிசம்பர் 2ஆம் திகதி, வட இந்தியாவில் கோரக்பூருக்குப் பக்கத்துல பஸ்தி என்கிற ஊர்ல ஒரு விண்கல் விழுந்தது. அது லண்டனுக்குப் போய், பிரிட்டிஷ் மியூசியத்தில் நெவில் ஸ்டோரி மஸ்கலின் என்பவர் கையில் சேர்ந்தது. கல்லுக்குள்ள பழுப்பு நிறத்துல சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. பூமியில் அதுவரை யாரும் பதிவு செய்யாத கனியம். 1862இல் அதற்கு ஓல்டமைட் என்று பேர் வைத்தார். அப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தலைவராக இருந்த தோமஸ் ஓல்டமின் நினைவாக வந்த பேர் அது. கல் விழுந்த மண்ணில் அதைப் பார்த்தவர்கள், பொறுக்கியவர்கள் யார் பேரும் எந்தக் கனியத்துக்கும் இல்லை.

ஓல்டமைட் என்றால் கல்சியம் சல்பைட்டு. கேட்க சாதாரணமாத்தான் இருக்கு. ஆனா பூமியில் கல்சியம் எங்க இருக்குன்னு யோசிங்க. சுண்ணாம்புக்கல், எலும்பு, முட்டையோடு, எல்லாத்துலயும் அது ஒக்சிசனோடுதான் கட்டுண்டு கிடக்கு. ஒக்சிசன் கிட்டத்தட்ட கிடைக்காத இடத்துலதான் அது கந்தகத்தோட சேரும். சூரியக் குடும்பம் உருவான காலத்தில் அப்படி ஒரு மூலையில் பிறந்த கற்களில்தான் ஓல்டமைட் இருக்கு. அருமண் மூலகங்களையும் யுரேனியத்தையும் தனக்குள்ள இழுத்து வைத்துக்கொள்ளும் குணமும் அதுக்கு உண்டு. அதனால அந்தக் கல்லின் பழைய கதையைப் படிக்க விஞ்ஞானிகள் முதல்ல தேடுவதில் இதுவும் ஒன்று. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம், அந்தக் கோளின் மேற்பரப்பில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகமான கந்தகத்தைக் கண்டது. கல்சியம் கூடுகிற இடத்தில் கந்தகமும் கூடியது. அங்கேயும் ஓல்டமைட் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

இதுக்கு ஒரே எதிரி ஈரம். தண்ணி பட்டா கல்சியம் ஐதரொட்சைட்டா மாறி, ஐதரசன் சல்பைட்டை வெளியே விடும். ஈரக் காத்தே போதும், மெல்ல மெல்ல அரிச்சிடும். கோடானுகோடி வருஷம் விண்வெளியில கெடாம இருந்தது, எங்க ஊர் மழைக்காலம் ஒன்றைத் தாங்காது.

ஐதரசன் சல்பைட்டு என்றதும் எல்லாரும் ஒரே குரல்ல "கூழ்முட்டை மணம்"னு சொன்னோம். சாதாரண தரத்துக்குப் பாடமாக்கினது. ஆனா ஆய்வுகூடத்துல அதை மணந்து பார்த்தவர் எங்கள்ல ஒருத்தரும் இல்ல. எங்க பாடசாலையில ஆய்வுகூடம் என்பது பூட்டின அறை. உயர்தரத்துக்கு விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்ட ரெண்டு பேர், ஆசிரியர் இல்லாததால கலைப்பிரிவுக்குப் போனாங்க. அன்னைக்கு ராத்திரி அதிகமா கேள்வி கேட்டது அந்த ரெண்டு பேரும்தான்.

வாசிச்சுக்கிட்டே போகையில இன்னொரு திகதி வந்தது. ஓல்டமைட் இருக்கும் பெரிய விண்கல் ஒன்று, அமெரிக்காவின் நோர்ட்டன் கவுண்டியில் விழுந்த நாள் 1948 பெப்ரவரி 18. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சரியாக ரெண்டு வாரம். அந்த வருஷம் முடியுமுன்னே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எங்க தாத்தா பாட்டிமார் எந்த நாட்டுக்காரர் என்று கடதாசி காட்டச் சொன்ன சட்டம்.

அந்தக் கடதாசி இப்ப எங்க? எங்கள்ல ஒருத்தியின் லயத்துக் காம்பராவுல, அம்மாயியின் பிஸ்கட் டின்னுக்குள்ள இருந்தது. மறுநாள் போய்த் திறந்து பார்த்தோம். தகரம் ஒழுகி ஒழுகி டின் துருப்பிடிச்சிருந்தது. நாலு கடதாசியில ரெண்டு ஒட்டிக்கிட்டு, பூஞ்சணம் பிடிச்சு, பிரிக்கவே முடியல. ஒன்றில் பேர் தெரியுது, வருஷம் தெரியல. அம்மாயி மட்டும், "இதுக்காக எத்தன நாள் பேரு வெட்டுப்பட்டுச்சு தெரியுமா"ன்னு சொன்னாங்க. கச்சேரிக்கு அலைஞ்ச நாளெல்லாம் சம்பளம் இல்லாத நாள்.

மியூசியங்கள்ல இப்படிப்பட்ட விண்கல்லை ஈரம் அண்டாம உலர்வாக வைக்கிறாங்க. எங்ககிட்ட இருந்தது சப்பாத்துப் பெட்டியில வர்ற சிலிக்கா ஜெல் பைக்கட்டுகள். வீடு வீடாப் போய் சேர்த்தோம். கடதாசிகளை அடுப்படிச் சூட்டுல ஆறவிட்டு, போன்ல படம் எடுத்து, மூடி இறுகின பிளாஸ்டிக் டப்பாவுல அந்தப் பைக்கட்டுகளோட வைத்தோம். ஒட்டிக்கிட்ட ரெண்டையும் பிரிக்காம அப்படியே வைத்திருக்கிறோம்.

இதுவரை எங்க லயத்துல பதினொரு வீட்டு டின்னைத் திறந்தாச்சு. உங்க வீட்டுலயும் ஒரு டின் இருக்கும். அடுத்த மழைக்கு முன்னாடி திறந்து பாருங்க.