முன்னும் பின்னும்

நுழையும்முன்

வேகம் என்றவுடன் இயந்திரத்தின் ஆற்றலே நம் நினைவுக்கு வருகிறது. ஆற்றலைத் தரையில் நிலைநிறுத்துவன நான்கு டயர்களே. அவற்றுள் முன்னிரண்டும் பின்னிரண்டும் தம்முள் ஒத்துப்போகாவிடில் ஆற்றலால் பயனில்லை. பந்தய வண்டி ஒன்றைச் சமநிலைக்குக் கொண்டுவந்த அனுபவத்தை இக்கட்டுரை பகிர்ந்துகொள்கிறது.

வளைவில் தெரியும் இயல்பு

நேர்ப்பாதையில் எல்லா வண்டிகளும் நல்லவைதாம். வளைவில் திரும்பும்போதுதான் ஒரு வண்டியின் இயல்பு வெளிப்படுகிறது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், திருப்பெரும்புதூருக்கு முன்னர் இருங்காட்டுக்கோட்டை வரும். சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் பந்தயத் தடம் அங்கேதான் உள்ளது. அதற்கு முன்பு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. பந்தயத்திற்கெனவே அமைக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்தில் 12 வளைவுகள் உள்ளன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறை ஒன்றில் வார நாள்களில் வேலை செய்தேன். வார இறுதிகளில் சிறிய பந்தய அணி ஒன்றுக்கு உதவியாளனாக இருங்காட்டுக்கோட்டைக்குச் செல்வேன். 1960களில் இப்பகுதி இரும்போடு பழகத் தொடங்கியது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பாடியில் மகிழுந்துகளுக்கான சக்கரங்களும் தடுப்பான்களும் செய்யப்பட்டன. வெள்ளிக்கிழமை மாலை தேய்ந்துபோன ஒரு புஷ்ஷைக் கொண்டுவந்தால், சனிக்கிழமை விடிவதற்குள் அதே அளவில் வேறொன்றைக் கடைந்து தரும் கைகள் இங்கே இருந்தன. எங்களைப் போன்ற சிறிய அணிகளுக்கு அதுவே பெரும் வலிமை.

இரண்டு வகை வழுக்கல்

அணியில் எனக்கு அளிக்கப்பட்ட முதல் பொறுப்பு ஒரு குறிப்பேடு. நேரம், வெயில், டயர்க் காற்றழுத்தம், செய்த மாற்றம், ஓட்டுநர் சொன்ன சொற்கள் என ஐந்து பத்திகளை அதில் நிரப்ப வேண்டும். கடைசிப் பத்தியில் இரண்டு முறையீடுகளே மாறிமாறி வந்தன.

ஒன்று, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி போதிய அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்புறத்தை நோக்கி விலகிச் செல்வது. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களுக்கு முன்பாகவே தம் பிடியை இழப்பதால் இது நேர்கிறது. இதனை அண்டர்ஸ்டியர் என்பர். நாம் முன்வழுக்கல் எனலாம். மற்றொன்று, திருப்பியதற்கு மேலாக வண்டி திரும்பி, பின்பகுதி வெளியே வீசப்படுவது. இதில் பின்சக்கரங்களே முதலில் பிடி இழக்கின்றன. இது ஓவர்ஸ்டியர், அதாவது பின்வழுக்கல். முன்வழுக்கலில் வண்டி தடத்தை விட்டு நேராக வெளியேறும். பின்வழுக்கல் எல்லை மீறினால் பம்பரம்போல் சுழலும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி போன்ற பொறியாளர்கள் 1930களில் இவ்விரண்டையும் அறிவியல் முறையில் ஆராய்ந்தனர்.

பிடியின் கணக்கு

இக்குறைகளைத் தீர்க்க முனைவோர், டயரின் ஓர் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். டயரின்மேல் பாரம் கூடினால் அதன் பிடியும் கூடும். ஆனால் பாரம் கூடிய அதே விகிதத்தில் பிடி கூடுவதில்லை. ஓர் அச்சின் இரு டயர்களும் ஆளுக்கு 200 கிலோ தாங்கி, ஆளுக்கு 200 அலகு பிடி தருவதாகக் கொள்வோம். மொத்தம் 400. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்புறச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. அது 300 கிலோ தாங்கி 280 அலகும், உட்புறச் சக்கரம் 100 கிலோ தாங்கி 110 அலகும் தந்தால், மொத்தம் 390தான். பாரம் மாறவில்லை, பிடி மட்டும் குறைந்துவிட்டது.

இந்தச் சிறு இழப்பில்தான் சீரமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. சாயும் பாரத்தில் எவ்வளவு முன்னச்சின் வழியாகவும் எவ்வளவு பின்னச்சின் வழியாகவும் செல்ல வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். அதற்கு உதவுவது வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் தண்டு. முன்தண்டு விறைப்பாக இருந்தால் சாயும் பாரத்தின் பெரும்பங்கை முன்னச்சே ஏற்று, பிடியை இழக்கும். முன்வழுக்கல் மிகும். முன்தண்டை இளக்கினால் முன்பிடி கூடும். பின்தண்டை விறைப்பாக்கிப் பின்பிடியைக் குறைத்தாலும் அதே சமநிலை கிட்டும். குறை தெரியும் இடம் ஒன்றாகவும், மருந்து இடும் இடம் வேறாகவும் இருக்கலாம் என்பதை நான் கற்றது இங்கேதான்.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 மகிழுந்தின் இயந்திரத்தைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். குறைந்த செலவில் பந்தயம் பயில அது வழிவகுத்தது. பின்னர் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதி வண்டியை ஓட்டியவரே. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு வேளைக்கு ஒரு மாற்றம்

ஒரு சனிக்கிழமை எங்களுக்கு இரண்டு பயிற்சி ஓட்டங்களும், அவற்றின் பின் தகுதிச்சுற்றும் இருந்தன. எங்கள் ஓட்டுநருக்கு 19 வயது. அந்தப் பருவத்திற்கு அவரிடம் எஞ்சியிருந்தது ஒரே தொகுதி டயர். வண்டி சுழன்று டயர்கள் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையானால், மறுநாள் பந்தயமும் இல்லை. அந்த ஆண்டின் எஞ்சிய பந்தயங்களும் இல்லை.

முதல் ஓட்டம் முடிந்து இறங்கியவர், “வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது, அண்ணா” என்றார்.

தலைமை மெக்கானிக் அதைக் கேட்டதும் ஸ்பானரை எடுக்கவில்லை. “எந்த வளைவில், தம்பி? நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா?” என்று வினவினார். சற்று யோசித்த இளைஞர், “மெதுவான வளைவுகளில். நடுவில்தான்” என்றார். வேகமான வளைவுகளில் குறையில்லை. சூடு ஆறுவதற்குள் முன்டயர்களின் உட்புறம், நடு, வெளிப்புறம் என மூன்று இடங்களில் வெப்பநிலையை அளந்தோம். நடுப்பகுதி மட்டும் சூடேறியிருந்தால் காற்று அதிகம். உட்புறம் மிகையாகச் சூடேறியிருந்தால் சக்கரத்தின் சாய்வு அதிகம். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒத்திருந்தன. ஆகவே காற்றிலும் சாய்விலும் கைவைக்கத் தேவையில்லை.

எஞ்சியிருந்த நேரம் குறைவு. முன்தண்டை இளக்கலாம், பின்தண்டை விறைப்பாக்கலாம், சுருள்வில்லையும் மாற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “மூன்றையும் செய்தால் வண்டி மாறும். எதனால் மாறியது என்று நமக்குத் தெரியாது” என்றார் தலைமை மெக்கானிக். முன்தண்டின் இணைப்புக் கம்பியை வெளித்துளைக்கு மாற்றும்படி மட்டும் கூறினார். தண்டின் கை நீண்டது. விறைப்பு ஒரு படி குறைந்தது.

இரண்டாவது ஓட்டத்தில் சுற்று நேரம் அரை நொடி குறைந்தது. இளைஞரின் முகம் மலர்ந்திருந்தது. தலைமை மெக்கானிக்கோ நிறுத்துகடிகாரத்தைப் பார்க்கவில்லை. “நீண்ட நேர்ப்பாதை முடிந்து வரும் வேக வளைவில் கை என்ன செய்தது?” என்று கேட்டார். வண்டியின் பின்பகுதி அங்கே லேசாக அசைந்ததையும், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்ததையும் இளைஞர் அப்போதுதான் சொன்னார். கடிகாரம் மறைத்ததைக் கை அறிந்திருந்தது.

மெதுவான வளைவில் கிடைத்த பலனை விட்டுவிடாமல் வேகமான வளைவை மட்டும் சரிசெய்ய வேண்டும். பந்தய வண்டியின் இறக்கை, விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போன்றது. வண்டியைத் தூக்காமல் தரையை நோக்கி அழுத்தும். வேகம் இருமடங்கானால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும். மெதுவான வளைவில் அதன் பங்கு சிறிது. வேக வளைவில் பெரிது. எனவே பின்னிறக்கையின் சாய்வு ஒரு படி கூட்டப்பட்டது. அதனால் காற்றின் தடை மிகுந்து நேர்ப்பாதையில் வேகம் குறையுமே என்று இளைஞர் தயங்கினார்.

“நேர்ப்பாதையில் நாம் கொடுப்பது கொஞ்ச நேரம். அந்த வளைவில் கொடுத்தால் டயரும் போகும், உன் எலும்பும் போகும்” என்றார் தலைமை மெக்கானிக்.

தகுதிச்சுற்றில் எங்கள் வண்டிக்கு நான்காம் இடம் கிடைத்தது. மறுநாள் பந்தயத்தை அதே டயர்களோடு முழுமையாக ஓடி முடித்தது. குறிப்பேட்டில் ‘கை அமைதி’ என்று அவர் சொன்னபடியே எழுதினேன்.

சாலைக்கு உகந்த சமநிலை

பந்தயத் தடத்தில் தேடப்படும் சமநிலை சாலைக்குப் பொருந்தாது. அன்றாட மகிழுந்துகளைச் சிறிது முன்வழுக்கும் தன்மையோடே வடிவமைக்கின்றனர். வளைவில் அச்சம் தோன்றியதும் மனிதர் இயல்பாகச் செய்வது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. அப்போது பாரம் முன்னோக்கிச் சாய்ந்து முன்சக்கரங்கள் பிடியை மீட்கும். வண்டி மீண்டும் திரும்பும். பின்வழுக்கும் வண்டியிலோ அதே செயல் பின்சக்கரங்களின் பாரத்தை மேலும் குறைத்து, சுழற்சியை விரைவுபடுத்தும். ஆகவே ஒரு வண்டிக்கு எது சமநிலை என்பதை அதன் பாகங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை ஓட்டுபவரின் திறனும் அச்சமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

காலையில் கண்ட சமநிலை நண்பகலில் நீடிப்பதுமில்லை. இருங்காட்டுக்கோட்டையின் வெயிலில் தார் சூடேறும்; டயருக்குள் காற்றழுத்தம் உயரும்; எரிபொருள் தீரத்தீர எடை குறையும். அதனால்தான் ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதிதாக அளந்தோம், புதிதாகக் கேட்டோம். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் என்னிடம் உள்ளன. அவற்றில் எண்கள் நிறைந்த நான்கு பத்திகளைவிட, ஓட்டுநரின் சொற்களுக்கான ஐந்தாவது பத்தியே அகலமானது. தலைமை மெக்கானிக் அதற்கான கோட்டை அளவுகோல் வைத்துத் தம் கையாலேயே கிழித்துக் கொடுத்திருந்தார்.