மனு எழுதுகிறவள்

கோயம்புத்தூரில் ஒரு சிறுதொழில் சங்கத்தின் அலுவலகத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். பதவியின் பெயர் அலுவலக உதவியாளர். செய்த வேலை மனு எழுதுவது. மத்திய பட்ஜெட்டுக்கு முன்னால் ஒன்று, மாநில பட்ஜெட்டுக்கு முன்னால் ஒன்று, மின்கட்டணம் ஏறப்போகிறது என்றால் ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு ஒன்று. நடுவில் ஆட்சியருக்கு, மாநகராட்சி ஆணையருக்கு, தொழிற்பேட்டையில் தண்ணீர் வரவில்லை என்றால் சிட்கோ கிளை மேலாளருக்கு. கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த மூன்று நாற்காலியிலும் ஒருமுறைகூட ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

தொழிலுக்காக அரசாங்கத்திடம் பேசுகிறோம் என்று சங்கங்கள் சொல்லும்போது எல்லோருக்கும் நினைவில் வருவது சால்வை போடும் படம்தான். அது கடைசி ஐந்து நிமிஷம். அதற்கு முந்தைய இரண்டு மாதம் எங்கள் அலுவலகத்தில் காகிதத்தோடு கழியும். புதிதாகச் சேரும் உறுப்பினர்கள், "அமைச்சரைப் பார்த்தா முடிஞ்சுதுங்க அம்மிணி" என்பார்கள். முடியாது. எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஜிஎஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1 முதல் அது எந்த ஒரு அமைச்சர் கையிலும் இல்லை. ஒன்றிய நிதியமைச்சர் தலைமையில் மாநில அமைச்சர்கள் உட்காரும் கவுன்சிலில் இருக்கிறது. ஓட்டெடுப்பு என்று வந்தால் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாம் சேர்த்து மீதி. நான்கில் மூன்று பங்கு வந்தால்தான் எதுவும் நிறைவேறும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஃபிட்மென்ட் கமிட்டி என்று ஒன்று, ஒன்றிய, மாநில அதிகாரிகள் உட்கார்ந்து நாடு முழுக்க இருந்து வரும் வரிக்குறைப்புக் கோரிக்கைகளைச் சலிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது பொருளின் எச்எஸ்என் எண், இப்போதைய வரி, கேட்கும் வரி, மூலப்பொருளுக்கு என்ன வரி, குறைத்தால் அரசுக்கு எவ்வளவு போகும். கண்ணீருக்கு அதில் கட்டம் கிடையாது. எண் இல்லாத கோரிக்கை அந்த மேஜையை எட்டுவதே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் இதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சாட்சி, கிரைண்டர்.

மாவரைக்கும் கிரைண்டர் கோவையின் பொருள். புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. 2011இல் தமிழக அரசு இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று அறிவித்தபோது ஊரே ராத்திரி பகலாக டேபிள்டாப் கிரைண்டர் செய்தது. ஜிஎஸ்டி வந்ததும் அதன்மேல் 28 சதவீதம் விழுந்தது. கோவையின் தொழில் அமைப்புகள் எல்லாம் மனுவோடு கிளம்பின. 2017 நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய கவுன்சில் அதை 12 ஆகக் குறைத்தது. அன்றைய பட்டியலில் 28இல் இருந்து 12க்கு இறங்கியவை இரண்டே இனங்கள். ஒன்று நம் கிரைண்டர். இன்னொன்று பீரங்கி வண்டியும் கவச வாகனங்களும். அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தோம். ராணுவத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. 2019 செப்டம்பரில் கோவாவில் 5 ஆனது. 2022 ஜூலையில் திரும்ப 18 ஆனது. மூலப்பொருளுக்கு வரி அதிகம், செய்த பொருளுக்குக் குறைவு என்கிற தலைகீழ் அமைப்பைச் சரிசெய்கிறோம் என்று காரணம் சொன்னார்கள். மனுக்கள் மறுபடி கிளம்பின.

இந்த எல்லா மனுவிலும் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். "இல்லத்தரசிகளின் சுமையைக் குறைக்கும் இன்றியமையாத சாதனம் என்பதாலும், இத்தொழிலை நம்பிப் பெருமளவில் பெண் தொழிலாளர்கள் வாழ்வதாலும்..." நான்தான் அடித்தேன், எத்தனை தடவை என்று கணக்கில்லை. நல்ல வாக்கியம், வேலை செய்கிற வாக்கியம். அதிகாரிகள் தலையாட்டுகிற இடம் அது. கிரைண்டருக்கு மட்டும் இல்லை, மின்கட்டண மனுவிலும் வரும், வங்கிக் கடன் மனுவிலும் வரும். பெண்கள் வேலை இழப்பார்கள் என்று எழுதினால் கோரிக்கைக்குக் கனம் கூடும் என்று செயலாளருக்குத் தெரியும். ஆனால் வேலைக்கு வரும் அந்தப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பத்தியை நான் எந்த மனுவிலும் அடித்தது கிடையாது. எங்கள் காகிதத்தில் பெண் எப்போதும் காரணமாகத்தான் வந்தாள். கோருகிறவளாக வந்ததில்லை.

வந்த ஒரே தடவையைச் சொல்கிறேன்.

சங்கத்தில் இருந்த சில பெண் உறுப்பினர்களில் ஒருவர் நாப்கின் யூனிட் வைத்திருந்தார். அக்கா என்றே கூப்பிடுவேன். குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்து காட்டிய அருணாசலம் முருகானந்தம் எங்கள் ஊர்க்காரர் என்பதால், இந்தப் பக்கம் இந்தத் தொழில் யாருக்கும் புதிது இல்லை. ஜிஎஸ்டியில் நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டிருந்தார்கள். குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் பூஜ்யம். 2017 கடைசியில் கவுன்சிலுக்குப் போகும் மனுவைப் படித்துக் காட்ட உறுப்பினர் கூட்டம் நடந்தது. அக்கா எழுந்து, "நாப்கினுக்கும் ஒரு வரி சேர்க்கோணுங்க" என்றார்.

கூட்டத்தில் சத்தமே இல்லை. ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். டீ கொண்டுவந்த பையனைச் செயலாளர் வெளியே அனுப்பினார். அதை நான் மறக்கமாட்டேன். அந்த அறையில் அரை மணி நேரமாக மோட்டார் பம்பின் ரோட்டர், ஸ்டேட்டர், இம்பெல்லர் என்று ஒவ்வொன்றின் வரியையும் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். கடைசியில் செயலாளர் என்னிடம் திரும்பி, "சுகாதாரப் பொருட்கள்னு பொதுவாப் போட்டுரு கண்ணு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். என் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்தவர். ஆனாலும் அந்தச் சொல்லை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

சுகாதாரப் பொருட்கள் என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சோப்பா, பினாயிலா, துடைப்பமா என்று கேட்பார்கள். கேட்கக்கூட மாட்டார்கள், தள்ளி வைப்பார்கள். செயலாளர் சொன்னபடியே அடித்தேன். பக்கத்தில் எச்எஸ்என் 9619 என்று போட்டேன். இணைப்பில் அக்கா கொடுத்த கணக்கைச் சேர்த்தேன். மரக்கூழ், நெய்யாத துணி, ரிலீஸ் பேப்பர் 12 சதவீதம். உறிஞ்சும் பாலிமர், பாலிஎத்திலீன் படலம், பசை 18 சதவீதம். கையெழுத்துக்கு வைத்தபோது பொருளாளர் அந்த எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போட்டார். சொல்லைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. எண் அவர்களுக்குப் பழக்கமானது.

எங்கள் ஒரு வரியால் எதுவும் மாறிவிடவில்லை. மாற்றியவர்கள் வேறு பெண்கள். இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள், தெருவில் நின்றார்கள். தில்லி உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆய்வு மாணவி வழக்கே போட்டார். 2018 ஜூலை 21ஆம் தேதி கவுன்சில் நாப்கினுக்கு முழு விலக்கு அளித்தது. அன்றைக்கு நான் இனிப்பு வாங்கிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் குரலில் உற்சாகம் பாதிதான் இருந்தது. ஏன் என்று விளக்கினார். விலக்கு பெற்ற பொருளுக்கு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. மரக்கூழுக்கும் பசைக்கும் அவர் கட்டும் வரி இனி அப்படியே அடக்க விலையில் உட்காரும். வெளிநாட்டிலிருந்து வரும் நாப்கினுக்கு இந்தச் சுமை இல்லை. வரியே போடக்கூடாது என்று பெண்கள் கேட்டது நூறு சதவீதம் நியாயம். அதோடு மூலப்பொருள் வரியையும் குறையுங்கள் என்று கேட்டிருக்க வேண்டியது, செய்கிறவர்களின் சங்கங்கள். ஸ்டேட்டருக்கு அரை மணி நேரம் ஒதுக்கிய எங்கள் கூட்டம் இதற்கு ஒதுக்கியது ஒரு சங்கடமான மௌனம். அந்த வெட்கத்துக்கு விலை உண்டு. அக்காவின் யூனிட்டில் வேலை பார்த்த பெண்கள் அதைக் கட்டினார்கள். அடுத்த வருஷம் இரண்டு பேரை அவர் நிறுத்த வேண்டியிருந்தது.

சங்கங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. சின்னப் பட்டறைக்காரர்களுக்கு வேறு நாதி இல்லை. ஒரு லேத் வைத்திருப்பவர் தனியாகப் போனால் வாட்ச்மேனைத் தாண்ட முடியாது. 2019இல் கிரைண்டருக்குக் குறைத்த அதே கோவா கூட்டத்தில் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கான வரி 18இல் இருந்து 12 ஆனது. கோவையின் எத்தனையோ குடும்பங்கள் அதில் மூச்சுவிட்டன. கூடிக் கேட்டதால் வந்தது அது. கூடிக் கேட்பதிலும் பயம் இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த ஒரு கூட்டத்தில் ஹோட்டல் தொழில் சார்பாகப் பேசிய ஒருவர், பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சர் முன்னால் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. கை நிறையத் தொழில் இருக்கிற ஆணுக்கே நிலைமை இது. தையல் யூனிட் வைத்திருக்கும் ஒரு பெண் அந்த மைக்கை வாங்கத் தயங்கினால் நான் குறை சொல்லமாட்டேன்.

சங்கமே இல்லாத பெண்கள் கேட்டு வாங்கியதும் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த பெண்களை விஜி என்கிற தையல்காரப் பெண் ஒன்று சேர்த்தார். பெண்கூட்டு என்று பெயர். முதலில் கழிப்பறைக்காகக் குரல் கொடுத்தார்கள், பிறகு நாற்காலிக்காக. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளி, "உட்கார்ந்துட்டா வியாபாரம் எப்படிங்க ஆகும்?" என்று என்னைக் கேட்டார். அவர் உட்கார்ந்துகொண்டுதான் கேட்டார். சட்டம் வந்ததே தவிர, இன்றைக்கும் பல கடைகளில் நாற்காலி ஒரு மூலையில் வாடிக்கையாளரின் பையைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டேன். முழங்கால் வலி, அதோடு சம்பளமும் பெரிதாக ஏறவில்லை. இப்போது வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். மகளிர் குழுவில் ஊறுகாய் போடுகிறவர்கள், இட்லி மாவுப் பாக்கெட் போடுகிறவர்கள், யாரோ சொல்லி அனுப்பி வருகிறார்கள். "எங்க கஷ்டத்தை நல்லா உருக்கமா எழுதிக் குடுங்கக்கா" என்பார்கள். உருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்பேன். உரிமம் எந்த அலுவலகம்? விண்ணப்ப எண் இருக்கிறதா? நிராகரித்த கடிதத்தில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள்? சிலர் நான் ஏதோ போலீஸ் மாதிரி விசாரிப்பதாக முகம் சுளிப்பார்கள். அடுத்த தடவை வரும்போது ஃபைலோடு வருவார்கள்.

போன மாதம் மோட்டாருக்கு காயில் கட்டும் ஒரு பட்டறையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி சொந்தமாகப் பட்டறை போட்டிருப்பவள், மற்ற இரண்டு பேரும் அவளிடம் வேலை செய்கிறவர்கள். தொழிற்பேட்டையின் பின் ரோட்டில் விளக்கு எரிவதில்லை, ஆறரைக்கு மேல் யாரும் வேலைக்கு நிற்க மாட்டேன் என்கிறார்கள், அவசர ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போகிறது என்றாள். நான் இருந்த சங்கத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம் அம்மிணி என்று அனுப்பிவிட்டார்களாம்.

"எந்தக் கம்பம்?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான்க்கா."

"கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும். எந்தெந்த நம்பர் எரியலைன்னு பார்த்துட்டு வா. எந்த வார்டுன்னும் கேட்டுக்கோ."

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் பதினொரு எண்கள். மூன்றுக்கு எதிரே 'பல்பே இல்லை' என்றும், ஒன்றுக்கு எதிரே 'எழுத்து அழிஞ்சுபோச்சு, டீக்கடைக்கு நேர் எதிர்' என்றும் எழுதியிருந்தது. மூன்று பேரும் கைபேசி வெளிச்சத்தில் நடந்தே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். யார் பேரில் மனு போடுவது, சங்கம் எதுவும் இல்லையே என்று கேட்டிருந்தாள். மூன்று பேர் பெயரையும் முகவரியோடு அனுப்பச் சொன்னேன்.