சதர்க்கில் ஒரு பழைய பாக்கி

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் ஒரு பேட்டை. போர்டைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சவுத்வார்க்'. உள்ளூர்க்காரர் வாயால் கேட்டால் 'சதர்க்'. நடுவில் இருந்த எழுத்துகளை எவனோ கைமாற்றாக வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது!

கைமாற்று என்று சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என்னைச் சுற்றிக் காட்டியவன் என் மாமா பையன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். "மாப்ளே, அரண்மனையைப் பார்க்கிறவன் டூரிஸ்ட். சதர்க்கைப் பார்க்கிறவன்தான் மனுஷன். நட!" என்றான்.

டவர் பிரிட்ஜ் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தோம். அவன் கையில் பர்ஸ். என் கையில் குட்டி நோட்டு. பி.காம். படித்தவன் புத்தி, என்ன செய்ய? பஸ் டிக்கெட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் வரை அவன் கொடுத்ததையெல்லாம் பற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பவுண்டுக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். இரண்டு காபி விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்ததும் எனக்குக் காபி கசந்துவிட்டது.

முதலில் ஷாட் தேம்ஸ் என்ற சந்து. இரண்டு பக்கமும் உயரமான செங்கல் கிட்டங்கிகள். தலைக்கு மேலே அவற்றை இணைக்கும் இரும்புப் பாலங்கள். 1873-ல் திறந்த கிட்டங்கிகள். கப்பலில் வந்த டீயும் மசாலாச் சாமானும் இங்கேதான் இறங்கின. 1972-ல் மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் அடுக்குமாடி வீடுகள். ஒரு கட்டடத்துக்கு ஏலக்காய் என்று பெயர், இன்னொன்றுக்கு லவங்கப்பட்டை! விருதுநகரில் அப்பா வைத்திருந்த கமிஷன் மண்டி ஞாபகம் வந்தது. அங்கே மல்லியும் வத்தலும் மூக்கைத் துளைக்கும். இங்கே பெயர்தான் மிச்சம், வாசனை இல்லை.

ஆற்றோரமாகவே மேற்கே நடந்தால் லண்டன் பிரிட்ஜ். இப்போதிருப்பது 1973-ல் திறந்தது. அதற்கு முன்னால் இருந்த பாலத்தை 1968-ல் ஓர் அமெரிக்கருக்கு சுமார் 25 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். அவர் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டு போய் அரிசோனாவில் நிறுத்திவிட்டார். பழைய பாலத்தைக்கூட வரவில் வைக்கத் தெரிந்த ஊர்!

பாலத்தை ஒட்டியே பரோ மார்க்கெட். ஆயிரம் வருஷப் பாரம்பரியம் என்று 2014-ல் விழா எடுத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1754-ல் சட்டம் போட்டுப் பழைய சந்தையை மூடச் சொன்னபோது, ஊர்க்காரர்களே 6,000 பவுண்டு திரட்டிப் பக்கத்தில் நிலம் வாங்கி 1756-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஓர் அறக்கட்டளைதான் நடத்துகிறது. மேலே தடதடவென்று ரயில் ஓட, கீழே வண்டிச் சக்கரம் சைஸுக்குச் சீஸ் கட்டிகள், சிப்பி, காளான், ரொட்டி. வேகவைத்த முட்டையை இறைச்சியில் பொதிந்து பொரித்த 'ஸ்காட்ச் எக்' வாங்கித் தந்தான். நம்ம முட்டை போண்டாவுக்கு வசதியான வீட்டு அண்ணன் மாதிரி இருந்தது. சீஸ் உருகி வழியும் ரொட்டியும் வந்தது. சாப்பிட்டேன், எழுதினேன்.

மார்க்கெட்டை ஒட்டி சதர்க் கதீட்ரல். ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்டை 1607-ல் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். அன்று பெரிய மணியை அடிப்பதற்கு 20 ஷில்லிங் என்று சர்ச் கணக்கில் இருக்கிறது. பணம் கொடுத்தது அண்ணன்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானூறு வருஷம் கழித்தும் பணக் கணக்கு மட்டும் அழியவில்லை, பாருங்கள்.

"இங்கே ஒரு பழைய ஜெயில் சுவர் இருக்கு, வா" என்று பரோ ஹை ஸ்ட்ரீட்டில் நடத்திக் கூட்டிப்போனான். ஏஞ்சல் பிளேஸ் என்ற ஒடுக்கமான சந்து. ஒரு பக்கம் லைப்ரரி. எதிரே கறுத்துப்போன செங்கல் சுவர். அவ்வளவுதான் மிச்சம். மார்ஷல்ஸீ சிறைச்சாலை. 1842-ல் மூடப்பட்டது.

கடனைத் திருப்பிக் கட்டாதவர்களை அடைத்துவைத்த இடம் அது. உள்ளே இருப்பவர் அறைக்கு வாடகையும் கொடுக்க வேண்டும்! 1824-ல் இங்கே வந்தவர்களில் ஒருவர் ஜான் டிக்கன்ஸ். ரொட்டிக் கடைக்காரருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி. அவர் மகன் சார்லஸுக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஷூ பாலிஷ் டப்பாவில் லேபிள் ஒட்டி வாரம் ஆறேழு ஷில்லிங் சம்பாதித்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்க இங்கே வருவான். பெரிய எழுத்தாளரான பிறகும் அந்த நாட்களைப் பற்றி வெளியே வாய் திறக்கவில்லை. ஆனால் 'லிட்டில் டோரிட்' நாவலில் இந்தச் சிறையையே கொண்டுவந்துவிட்டார்.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பேச்சு வரவில்லை.

1998-ல் அப்பாவின் மண்டி நொடித்தது. சிநேகிதருக்கு ஜாமீன் போட்டார், சிநேகிதர் ஊரைவிட்டே போய்விட்டார். மாமாவிடம் வாங்கியது ஐம்பதாயிரம். ஒருநாள் வாசலில் மாமா குரல். அப்பா உள்ளறையிலிருந்து கையை ஆட்டினார். நான் போய்ச் சொன்னேன்: "அப்பா சிவகாசி போயிருக்காரு மாமா." அப்போது எனக்கு பத்து வயது. மாமா சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் அப்பா சிறுகச் சிறுக முப்பதாயிரம் அடைத்தார். இருபதாயிரம் பாக்கியோடு 2011-ல் போய்ச்சேர்ந்தார். இப்போது மாமாவும் இல்லை.

பக்கத்திலேயே ஜார்ஜ் இன். 1677-ல் திரும்பக் கட்டிய சத்திரம், மரத் தாழ்வாரத்தோடு அப்படியே நிற்கிறது. இப்போது பப். அவனுக்கு ஒரு பீர், எனக்கு லெமனேட். ஊரிலிருந்து கொண்டுவந்த கவரை மேஜைமேல் வைத்தேன். உள்ளே இருநூறு பவுண்டு. இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வரும்.

"என்னடா இது?"

சொன்னேன். சிவகாசி சமாச்சாரத்தையும் சேர்த்து.

அவன் பீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு நானும் அப்பாகூட வந்திருந்தேன் மாப்ளே. சைக்கிள்கிட்ட நின்னேன். வாசல்ல அத்தையோட வீட்டுக்காரர் செருப்பு கிடந்துச்சு. ஒரு வார் மட்டும் வேற கலர் நூல்ல தைச்சிருக்குமே, அதேதான். அப்பாவும் பார்த்தார். வழியெல்லாம் பேசவே இல்லை. வீடு வந்ததும் 'பையனைப் பொய் சொல்ல வச்சுட்டேனே'ன்னு மட்டும் சொன்னார்."

எனக்குக் கண்ணாடி மங்கியது. இத்தனை வருஷமும் அந்தப் பொய்யை என் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன். மாமா தன் கணக்கில் எழுதி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

"வேண்டாம்னு சொல்லிடாதே" என்றேன்.

"அப்பா இருந்தா வாங்கியிருக்க மாட்டார். நான் வாங்கிக்கறேன். இல்லேன்னா நீ சாகிற வரைக்கும் அந்த நோட்டும் கையுமா அலைவே." கவரை எடுத்து, வியாபாரி மகன் இல்லையா, எண்ணிப் பார்த்துவிட்டே பையில் வைத்தான். "சரி, வட்டி?"

திடுக்கிட்டேன். சிரித்துவிட்டான்.

"இந்த ஊர் பப்புல ஒரு வழக்கம் இருக்கு. ஒரு ரவுண்டு ஒருத்தன் வாங்கினா அடுத்த ரவுண்டு மத்தவன் வாங்கணும். நம்ம ஊர் மொய் மாதிரிதான். போ, வட்டிக்கு ஒரு ரவுண்டு வாங்கிட்டு வா."

கவுன்டருக்குப் போய்ப் பணம் கொடுத்தேன். அந்த பில்லை மட்டும் நான் ரூபாயில் மாற்றிப் பார்க்கவில்லை.