அவளுக்குத் தெரியும்

ஞாயிறு மதியங்களில் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கதாபாத்திரம், சண்டை வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். கதையை நடத்துவது நான். யாராவது சொந்தமாக ஒரு மந்திரம் எழுதி வந்தால் 1 முதல் 9 வரை அதற்கு நிலை வைப்பதும் என் வேலை. நிலை கூடக்கூட அதைப் பெறுவது கடினம்.

2014 பதிப்பின் கையேட்டில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. பலரை ஒருசேரத் தாக்கும் 3ஆம் நிலை மந்திரத்துக்கு 6 ஆறுமுகப் பகடைகள் என்கிறது. ஆனால் அதே நிலையிலுள்ள புகழ்பெற்ற ஃபயர்பாலுக்கு 8. செல்லப்பிள்ளை, விடுங்கள். என்னை உறுத்துவது வேறு: அந்த அட்டவணைக்கு அளக்கத் தெரிந்தது அடியை மட்டும்தான்.

ஒரு நண்பர் எழுதி வந்த மந்திரத்தில், சத்திரக்காரி ஒரு நாள் முழுக்க அவருடைய வீரனை விரும்புவாள். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. 1ஆம் நிலை போதும் என்றார். "யாருக்கும் அடிபடலையே!"

சார்ம் பர்சன் என்ற பழைய மந்திரத்தை எடுத்து அருகில் வைத்தேன். அதுவும் 1ஆம் நிலைதான். ஆனால் ஒரு மணி நேரம்தான் நீடிக்கும். தருவது காதல் அல்ல, சிநேக பாவம். எதிர்க்க ஒரு பகடை வாய்ப்பு உண்டு. முடிந்ததும், தன்னை மயக்கியது யார் என்று மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். அந்த விளையாட்டின் நேர்மையான வரிகளில் அது ஒன்று என்பேன். நண்பர் அழித்திருந்தது சரியாக அதைத்தான். ஒருவரின் உடலையே ஆட்டிவைக்கும் டாமினேட் பர்சன் 5ஆம் நிலை. அதுவே ஒரு நிமிடம்தான். "உங்களுடையதும் 5. அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும்" என்றேன். "அப்புறம் எதுக்கு அது?" என்று தாளை மடித்துக்கொண்டார்.

எங்களில் இளையவள், கல்லூரி மாணவி, கொண்டுவந்தது இதற்கு நேரெதிர். ஒரு மணி நேரம் அவள் தெருவில் நடந்தால் யாருடைய பார்வையும் அவள்மேல் நிற்காது. அவ்வளவுதான். அதற்கு அவளே 4ஆம் நிலை போட்டிருந்தாள். போதாததற்கு, அந்நேரம் பேசக் கூடாது, முடிந்ததும் உடல் சோர்ந்துவிடும் என்று இரண்டு நிபந்தனைகள். ஏன் என்று கேட்டேன்.

"இல்லாட்டி ரொம்ப சுலபமாயிடும்கா."

1978இல் வந்த விதிநூலில் மனிதப் பெண் கதாபாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைவான உச்சவரம்பு இருந்தது. 1989 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இவள் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு.

ஆளையே மறைக்கும் இன்விசிபிலிட்டி, அதே ஒரு மணி நேரத்துக்கு, 2ஆம் நிலைதான். இவளுடையது அதைவிட எளியது. நாய்க்குத் தெரியும், கதவு திறக்காது. நிபந்தனைகளை அடித்துவிட்டு 1 என்று எழுதிக் கொடுத்தேன். நம்பாமல் இரண்டு முறை பார்த்தாள்.

அடுத்த வாரமே பயன்படுத்தினாள். திருடவில்லை, வேவு பார்க்கவில்லை. இரவுச் சந்தையில் ஏதோ வாங்கித் தின்றுவிட்டு, துறைமுகத்தில் படகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மற்றவர்கள் நெளிந்தார்கள்.

"நேரமாயிடுச்சா அக்கா?"

இன்னும் 20 நிமிடம் இருக்கிறது என்றேன்.