மூன்றாவது பெடல்

சங்கீத ரசிகர்களுக்கு அடுத்தபடியாகக் கோபக்காரர்கள் யாரென்று கேட்டால், ஸ்போர்ட்ஸ் கார் பித்தர்கள் என்றுதான் சொல்வேன். என்னிடம் இருப்பது சின்ன வண்டி; கதை எழுதிச் சம்பாதிக்கிறவன் பெரிய வண்டிக்கு எங்கே போவது? ஆனாலும் மோட்டார் பத்திரிகைகளில் அவர்கள் போடும் சண்டைகளை விடாமல் படிக்கிறேன். மனிதர்கள் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதும் என் தொழிலைச் சேர்ந்ததுதானே!

இப்போதைய சண்டை ஹைபிரிட் வண்டியைப் பற்றி. பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரையும் சேர்த்துப் பூட்டிய வண்டி அது. ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 2024-ல் தன் 911 காரின் ஜி.டி.எஸ். ரகத்தை இப்படிச் செய்தது. நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் ஏறக்குறைய 21 கிலோமீட்டரை, முந்திய வண்டியைவிட அது 8.7 விநாடி சீக்கிரமாகச் சுற்றி வந்தது. எடை கூடியதோ 50 கிலோதான். ரசிகர்கள் குதித்திருக்க வேண்டாமா? பலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மின்சார மோட்டாருக்கு இடம் கொடுத்தது ஆட்டோமாடிக் கியர் பெட்டி. கையால் கியர் போடும் வண்டி அந்த ரகத்தில் இல்லாமல் போயிற்று. காலடியில் இருந்த மூன்று பெடல்களில் கிளட்ச் பெடல் விடைபெற்றுக்கொண்டது.

ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் என் அக்காள் பிள்ளைக்கு இந்தக் கோபம் புரியவில்லை.

"கண் இமைப்பதற்குள் அதுவே கியரை மாற்றிவிடும், மாமா. உங்களால் முடியுமா?" என்றான் டெலிபோனில்.

"முடியாது. கரண்டியால் ஊட்டிவிட்டால்கூடச் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடலாம். நீ ஏன் கையால் சாப்பிடுகிறாய்?"

"அது வேறே, மாமா."

வேறே என்று எனக்குப் படவில்லை. வளைவில் இவர்கள் கியர் இறக்குவதைப் பாருங்கள். வலது காலின் முன்பாகம் பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சை மிதிக்கிறது. கை கியரை ஒரு படி கீழே தள்ளுகிறது. அதே சமயம், பிரேக்கை விடாமலே, வலது காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எஞ்சின் உறுமிக்கொண்டு சக்கரத்தின் வேகத்தை எட்டிப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் கிளட்சை விட்டால் கியர் மாறியதே தெரியாது. தட்டு கொஞ்சம் குறைந்தாலும் பின்சக்கரங்கள் வெடுக்கென்று இழுக்கும்; வளைவிலே அது வம்பு. நானும் என் சின்ன வண்டியில் பல நாள் முயன்றிருக்கிறேன். ஒரே ஒரு நாள் அச்சாக வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன். "கறிகாய் வாங்கினீர்களா?" என்று கேட்டாள்.

பித்தர்கள் கேட்பதும் வேகத்தை அல்ல என்று நினைக்கிறேன். நாம் சரியாகச் செய்தால் வண்டி சரியாகப் போக வேண்டும். நாம் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஓடக்கூடாது. இந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பழியை மின்சாரத்தின் தலையில் போடுகிறார்களே, அது அநியாயம். கியர்க் கம்பியை முதலில் பிடுங்கியது பந்தயம்தான். 1989-ல் ஜான் பார்னார்ட் என்ற நிபுணர் ஃபெராரி பந்தயக் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்து, விரலால் கியர் மாற்றும்படி செய்தார். முதல் பந்தயத்திலேயே, பிரேசிலில், நைஜல் மான்செல் அதை ஓட்டி ஜெயித்தார். 1997-ல் அந்த ஏற்பாடு ஃபெராரியின் தெருவில் ஓடும் காருக்கும் வந்துவிட்டது. பிறகு 2008-ல் வந்த கலிபோர்னியா காரில் பழைய கியரும் கிடைக்கும் என்றார்கள். வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அழுதவர்களெல்லாம் அப்போது எங்கே போயிருந்தார்களோ!

ஹைபிரிட்டுக்கும் கிளட்சுக்கும் ஜன்மப் பகையும் கிடையாது. ஹோண்டா 1999-ல் கொண்டுவந்த இன்சைட்டிலும், 2010-ல் கொண்டுவந்த சி.ஆர்.-ஸீயிலும் மின்சார மோட்டார் ஒரு பக்கம், கையால் போடும் கியர் ஒரு பக்கம், இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் செய்தன. இதில் இன்னொரு வேடிக்கை. ஃபெர்டினான்ட் போர்ஷே 1900-ஆம் வருஷமே ஒரு ஹைபிரிட் வண்டி செய்திருக்கிறார். எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார்கள் வண்டியை இழுக்கும். அதில் கியர் பெட்டியே இல்லை!

ரசிகர்களின் முணுமுணுப்புக்குப் பலன் கிடைத்ததும் உண்டு. 2013-ல் போர்ஷே தன் ஜி.டி.3 காரை ஆட்டோமாடிக் கியரோடு மட்டும் விற்றது. பெரிய ரகளை. 2016-ல் மூன்று பெடலோடு 911 ஆர் என்று 991 வண்டிகள் மட்டும் செய்தார்கள். அவை கைமாறிய விலையைப் பார்த்துக் கம்பெனியே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். 2017-ல் ஜி.டி.3-க்குக் கிளட்ச் திரும்பி வந்தது.

இப்போது கதை வேறு திசையில் போகிறது. 2023-ல் ஹூண்டாய் கொண்டுவந்த ஐயோனிக் 5 என் முழுக்க மின்சார வண்டி. கியர் மாற்றும் அவசியமே இல்லை. ஆனாலும் இல்லாத கியரை மாற்றினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது. இல்லாத எஞ்சின் ஒலிபெருக்கியில் உறுமுகிறது. மாற்றாமல் இருந்தால் வேகம் ஏறாமல் முரண்டு பிடிக்கிறது. டொயோட்டா இன்னும் ஒரு படி மேலே போய், பொய்க் கிளட்ச் பெடலே வைத்த ஒரு மாதிரி வண்டியைச் செய்து காட்டியது. கிளட்சைத் தப்பாக விட்டால் அது அணைந்துபோனதாகப் பாவனை செய்துகொண்டு நின்றுவிடுமாம்.

இதை அக்காள் பிள்ளையிடம் சொன்னேன்.

"வேண்டுமென்றே அணைந்துபோகிற வண்டியை யார் மாமா வாங்குவார்கள்?" என்று சிரித்தான்.

எனக்கு நாலைந்து பேரைத் தெரியும்.